பகல் விளக்கும் பேரொளியும்

கொச்சித் துறைமுகத்தை அடுத்த மட்டாஞ்சேரியில், மிளகும் ஏலமும் சுக்கும் மணக்கும் குறுகிய தெரு ஒன்று உண்டு. ஜூ டவுன் என்பது அதன் பெயர். தெருவின் கோடியில் ஒரு மணிக்கூண்டு. அதனை ஒட்டி யூதர்களின் வழிபாட்டில்லம். 1568-ஆம் ஆண்டில் எழுந்த அந்த இல்லத்தைப் ‘பரதேசி’ ஆலயம் என்று வழங்குவர். பரதேசி என்னும் சொல் இன்று நம் பேச்சில் ஏழ்மையைச் சுட்டும் ஏச்சாகத் தேய்ந்துவிட்டது. அங்கேயோ அது தன் பழம்பொருளிலேயே நிற்கிறது. பிற தேசத்திலிருந்து வந்து குடியேறியவர் என்பதே அப்பொருள். தமிழகத்தை விட்டு வேறு மாநிலங்களில் வாழும் நமக்கும் அது பொருந்தக்கூடிய சொல்தான்.

அவ்வாலயத்தார் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த செல்வங்களுள் தலையாயது ஒரு செப்பேடு. கி.பி. 1000-ஆம் ஆண்டை ஒட்டிச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்னும் யூத வணிகத் தலைவருக்கு வழங்கியது அது. எழுத்து, வட்டெழுத்து. மொழியோ, தமிழும் மலையாளமும் இரு கிளைகளாகத் தெளிவுறப் பிரியாத காலத்து மொழி. நிறுத்திப் படிக்கக் கேட்டால் அதிலுள்ள பல சொற்கள் நமக்கு இன்றும் விளங்கும். குடை, பாவாடை, தோரணம் என்று அதில் அடுக்கப்பட்டிருக்கும் சிறப்புரிமைகளுள் ஒன்று ‘பகல் விளக்கு’. பகற்பொழுதில் விளக்கேற்றிச் செல்லும் உரிமை அது.

பகலில் ஏற்றிய விளக்கினால் ஆவது என்ன? வழி காட்டுவதற்கு அது வேண்டியதில்லை; கதிரவன் இருக்கிறான். பயன் கருதாமல் ஏற்றப்படுவதனாலேயே அது மரியாதையின் சின்னமாயிற்று. ஆயினும் அந்த விளக்கைப் பற்றி வேறொரு வினாவையும் நாம் எழுப்பலாம். வெயிலும் விளக்கொளியும் ஒரே இடத்தில் ஒன்றையொன்று குறுக்கிடும்போது அவற்றுக்கு என்ன நேர்கிறது? ஒன்றினால் மற்றொன்று மாறுகிறதா?

செப்பேடு பொறிக்கப்பட்ட அதே தலைமுறையில், கெய்ரோ நகரில் இப்னு அல்ஹைதம் என்னும் அறிஞர் இவ்வினாவுக்குச் சோதனை வாயிலாக விடை கண்டார். இருண்ட அறை ஒன்றின் சிறு துளைக்கு எதிரே பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வைத்தார். அறையின் சுவரில் விளக்கு ஒன்றுக்கு ஒன்றாக ஒளிப்பொட்டுகள் விழுந்தன. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறைந்தது. மற்றவை சிறிதும் அசையவில்லை. அத்தனை ஒளிகளும் ஒரே துளையின் வழியே நெருக்கிப் புகுந்தும், ஒன்றோடொன்று கலக்கவில்லை. ஒன்றையொன்று தடுக்கவும் இல்லை.

இந்த உண்மை தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக விதியாக நின்றது. பரதேசி ஆலயத்தில் நாம் இன்றும் அதனைக் கண்ணாரக் காணலாம். உத்தரத்திலிருந்து பெல்ஜியம் நாட்டுக் கண்ணாடிச் சரவிளக்குகள் தொங்குகின்றன. அவற்றினூடே பலகணி வெளிச்சம் பாய்ந்து, சீனத்திலிருந்து வந்த நீல ஓவியத் தரையோடுகளின்மேல் விழுகிறது. கண்ணாடி ஒளியை வளைக்கிறது, நிறம் பிரிக்கிறது, ஓரளவு விழுங்கவும் செய்கிறது. ஆனால் எத்தனை பங்கு விழுங்குகிறது என்பது வெளிச்சம் மிகுதியா குறைவா என்பதைப் பொறுத்ததன்று. இரு மடங்கு ஒளி புகுந்தால் இரு மடங்கே வெளிவரும். சிவப்பு ஒளி புகுந்தால் சிவப்பே வெளிவரும். ஒளி விருந்தாளியாக வந்து போகிறது, வீடு மாறுவதில்லை. இதனை நேர்விகித விதி எனலாம்.

இவ்விதி எங்கே தவறுகிறது, எவ்வாறு தவறுகிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

பொருளிலுள்ள ஒவ்வோர் அணுவிலும் மின்னணுக்கள் கட்டுண்டு கிடக்கின்றன. ஒளி என்பது அதிரும் மின்புலம். அது மின்னணுவை முன்னும் பின்னுமாக ஆட்டுகிறது. ஆடும் மின்னணு தானும் ஒளியை வெளியிடுகிறது. வீட்டுக் கூடத்து ஊஞ்சலை நினைத்துக்கொள்வோம். மெல்லத் தள்ளினால், தள்ளிய அளவுக்கு ஏற்ப அது ஆடும். மிகப் பலமாகத் தள்ளினாலோ, சங்கிலி தொய்ந்து குலுங்கி, ஆட்டத்தின் ஒழுங்கே வேறாகிவிடும். மின்னணுவின் நிலையும் அத்தகையதே. அணுவுக்குள் அதனைக் கட்டியிருக்கும் மின்புலம் மீட்டருக்கு ஏறத்தாழ ஐம்பதாயிரம் கோடி வோல்ட். நண்பகல் வெயிலின் மின்புலமோ மீட்டருக்குச் சுமார் 900 வோல்ட். மலையை ஈ மோதினாற்போன்ற இந்த வேற்றுமையினால்தான் நேர்விகித விதி பிழையற்றதாக மனிதர் கண்ணுக்குத் தோன்றிற்று. விதி பிழையற்றது என்பதைவிட, நம்மிடமிருந்த ஒளி வலுவற்றது என்பதே உண்மை.

முதற் சான்று 1926-ஆம் ஆண்டில் மாஸ்கோவில் கிடைத்தது. செர்கெய் வாவிலோவ், லெவ்ஷின் என்னும் இரு ரஷ்ய அறிஞர்கள், யுரேனியம் கலந்த கண்ணாடியில் மின்பொறியின் கடும் வெளிச்சத்தைச் செலுத்தினர். வெளிச்சம் மிகும்போது கண்ணாடி விழுங்கும் பங்கு குறையக் கண்டனர். ஒளியை ஏற்று எழுச்சியுற்ற அணுக்கள் மீண்டும் அமைதி நிலைக்குத் திரும்புமுன் அடுத்த ஒளி வந்துவிடுகிறது. விழுங்குவதற்கு ஆள் போதவில்லை. பிற்காலத்தில் நேர்விகிதம் தவறும் ஒளியியல் என்னும் துறைப்பெயரை வழங்கியவரும் வாவிலோவே. ஆனால் அத்துறை தழைப்பதற்குத் தேவையான பேரொளியைக் காணாமலே 1951-இல் அவர் மறைந்தார்.

அப்பேரொளி 1960 மே 16 அன்று பிறந்தது. அமெரிக்காவில் தியோடர் மெய்மன் என்பவர் மாணிக்கப் படிகத்தைக் கொண்டு முதல் லேசரை இயக்கினார். மறு ஆண்டே, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கனும் அவர்தம் துணைவர் மூவரும் அம்மாணிக்க ஒளியைக் குவார்ட்ஸ் படிகம் ஒன்றினுள் குவித்தனர். குவிந்த இடத்தில் மின்புலம் மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட் அளவுக்கு உயர்ந்தது. உள்ளே சென்ற ஒளியின் அலைநீளம் 694.3 நானோமீட்டர், கண்ணுக்குச் செந்நிறம். வெளியே வந்த ஒளியில் 347.2 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரும் இருந்தது. அலைநீளம் சரிபாதி, அதிர்வெண் இருமடங்கு.

இதன் சிறப்பை நம் இசையறிவைக் கொண்டே உணரலாம். மத்திம ஸ்தாயி ஷட்ஜத்தின் அதிர்வெண்ணை இரட்டித்தால் மேல் ஸ்தாயி ஷட்ஜம். தந்தியைப் பலமாக மீட்டும்போது அடிப்படைச் சுரத்தோடு மேற்சுரங்களும் சேர்ந்தொலிப்பதை நாம் அறிவோம். மிருதங்கத்தின் மேற்சுரங்கள் ஏன் இனிமையாக இயைகின்றன என்பதைச் சர் சி. வி. ராமன் 1920-இல் ஆராய்ந்து வெளியிட்டதுண்டு. ஒலியில் காதுக்குப் பழகிப்போன அந்த இயல்பு, ஒளியிலும் உண்டென்று 1961-இல் மெய்ப்பிக்கப்பட்டது. படிகத்தில் செவ்வொளி தன் மேல் ஸ்தாயியைப் பாடிற்று.

ஆனால் அப்பாட்டு மிகவும் மெலிந்த குரலில் ஒலித்தது. புகுந்த ஒளியில் பத்துக் கோடியில் ஒரு பங்கு என்னும் அளவிலேயே புதிய கதிர் பிறந்தது. ஒளிப்படத் தகட்டில் அது ஒரு சிறு புள்ளியாகப் பதிந்தது. கட்டுரையை அச்சேற்றியபோது அந்தப் புள்ளியைத் தகட்டின் மாசு என்று கருதிப் படத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். விளைவாக, ஒரு துறையையே தொடங்கிவைத்த அக்கட்டுரையில், வெற்றிடத்தைச் சுட்டும் அம்புக்குறி மட்டும் எஞ்சி நிற்கிறது. கண்டுபிடிப்புக்கும் மாசுக்கும் உள்ள வேற்றுமை சில வேளைகளில் இவ்வளவே. அதனை அறிய, எதை எதிர்பார்க்கலாம் என்று முன்கூட்டி உணர்ந்த உள்ளம் ஒன்று வேண்டும்.

இவ்வகை உள்ளம் படைத்த தமிழர் இருவரை நாம் இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். திருச்சிராப்பள்ளியிற் பிறந்த ராமனும், வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் நம்மைப்போல் பிழைப்பும் கல்வியும் நாடித் தாய்மாநிலம் துறந்து வெளியே சென்றவர்களே. அவர்கள் சந்தித்த ஊர் கொல்கத்தா. லேசர் பிறப்பதற்கு முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், அவர்களிடமிருந்த வலுவான விளக்கு கதிரவன் ஒருவனே. தொலைநோக்கியின் பெருவில்லையால் வெயிலைக் குவித்துத் தூய நீர்மங்களில் பாய்ச்சினர். சிதறிய ஒளியில், புகுந்த நிறத்தினின்றும் சற்றே வேறுபட்ட நிறம் மிக மெலிதாகக் கலந்திருக்கக் கண்டனர். 1928 பிப்ரவரி 28 அன்று உறுதிப்பட்ட அந்நிகழ்ச்சியே ராமன் விளைவு. மூலக்கூறு தன் அதிர்வுக்கு வேண்டிய ஆற்றலை ஒளியினின்று எடுத்துக்கொள்வதால் நிறம் மாறுகிறது. இங்கே ஒளி மாறுகிறதாயினும் நேர்விகிதம் மாறுவதில்லை. வெயில் இருமடங்கானால் சிதறும் ஒளியும் இருமடங்கு, அவ்வளவே.

1962-இல், அமெரிக்காவின் ஹியூஸ் ஆய்வகத்தில் உட்பரி, இங் என்னும் இருவர் மாணிக்க லேசரோடு பணிபுரிந்துகொண்டிருந்தனர். ஒளியை வேகமாகத் திறந்து மூடும் கதவாக நைட்ரோபென்சீன் நிறைந்த கலம் ஒன்றை அதனுள் வைத்திருந்தனர். எதிர்பாராத விதமாக, 767 நானோமீட்டர் அலைநீளத்தில் வலிமை மிக்க வேறோர் ஒளி வெளிப்பட்டது. மாணிக்கத்துக்கு அத்தகைய ஒளியே கிடையாது. எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்தபோது, இரு ஒளிகளுக்கும் இடையேயுள்ள வேற்றுமை நைட்ரோபென்சீன் மூலக்கூறின் அதிர்வோடு ஒத்திருப்பது தெரிந்தது. வந்தது ராமன் ஒளிதான்; ஆனால் பழைய மெலிந்த சாயலில் அன்று. ஒளி கடுமையானபோது, பிறந்த ராமன் ஒளியே மேலும் ராமன் ஒளியைப் பிறப்பிக்க, அது பெருகிப் பெருகிக் கற்றையாயிற்று. கொல்கத்தாவில் வெயிலைக் கொண்டு கண்ணிமைக்காமல் தேடவேண்டியிருந்த ஒன்று, இப்போது கேளாமலே வந்து நின்றது.

குவார்ட்ஸில் பிறந்த மெலிந்த கதிரையும் வளர்த்தெடுக்க வழி உண்டா? அக்கதிர் மெலிந்ததன் காரணம் இதுவே: படிகத்தினுள் சிவப்பொளியும் புதிய கதிரும் வெவ்வேறு வேகத்தில் செல்கின்றன. முன்னிடத்தில் பிறந்த அலையும் பின்னிடத்தில் பிறந்த அலையும் தாளம் தப்பி, ஒன்றையொன்று அழிக்கின்றன. தேர்வடம் பிடிப்போர் ஆளுக்கொரு கணத்தில் இழுத்தால் தேர் நகராது. ஒரே குரலில் இழுத்தால்தான் நகரும். 1962-இல் அறிஞர்கள் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் என்னும் உப்பின் படிகத்தை எடுத்து, இரு ஒளிகளும் ஒரே வேகத்தில் செல்லும் திசையொன்றைத் தேர்ந்து, அத்திசையில் ஒளியைச் செலுத்தினர். தேர் நகர்ந்தது. சொற்பொழிவாளர் திரையைச் சுட்டக் கையாளும் பச்சை லேசர் விளக்கினுள் நிகழ்வது பெரும்பாலும் இதுதான். கண்ணுக்குத் தெரியாத 1064 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிர், சிறு படிகம் ஒன்றில் இரட்டித்து 532 நானோமீட்டர்ப் பச்சையாகிறது.

ஆகவே, நல்ல படிகமும் அதில் சரியான திசையும் இத்துறையின் உயிர்நாடி. படிகம் வளர்த்தல் என்பது கற்கண்டு விளைவிப்பதைப் போன்ற பொறுமை மிக்க கலை. உப்பு கரைந்த நீரை நாட்கணக்கில், வாரக்கணக்கில், வெப்பம் சிறிதும் தடுமாறாமல் காக்கவேண்டும். இக்கலையில் தமிழகம் பெயர் பெற்றுள்ளது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் இதற்கெனவே படிக வளர்ச்சி மையம் ஒன்று இருக்கிறது. சங்கரநாராயணன், ராமசாமி என்னும் இருவர் 2005-இல் வெளியிட்ட முறை, இன்று அவ்விருவர் பெயராலேயே வழங்குகிறது. கண்ணாடிக் குழாயின் அடியில், வேண்டிய திசைக்கேற்ப வெட்டிய விதைப் படிகத்தை வைத்து, மேலே கரைசலை நிரப்புவர். படிகம் அந்த ஒரே திசையில் மேல்நோக்கி வளரும். விலையுயர்ந்த பொறிகள் இன்றியே, ஒளிக்கு உகந்த திசையில் நீண்ட படிகத்தைப் பெற இது வழி செய்தது.

இனி நாம் படிகத்தை விட்டுக் கண்ணாடிக்கும், மட்டாஞ்சேரிக்கும் திரும்புவோம். கண்ணாடியின் அணுக்கள் ஒழுங்கற்றுக் கலந்து கிடப்பதால், எத்திசைக்கும் அதில் தனிச்சிறப்பு இல்லை. எனவே அதிர்வெண் இரட்டிப்பது அதில் இயல்பாக நிகழாது. ஆனால் அடுத்த படியிலுள்ள வேறொரு விளைவு உண்டு. கடும் ஒளி செல்லும்போது கண்ணாடியின் ஒளிவிலகல் எண் அணுவளவு உயர்கிறது. அதாவது, ஒளி தன் வழியைத் தானே மாற்றிக்கொள்கிறது. உடன் செல்லும் பிற ஒளிகளின் வழியையும் மாற்றுகிறது. இப்னு அல்ஹைதமின் துளையில் ஒன்றையொன்று அறியாது சென்ற விளக்கொளிகள், இங்கே ஒன்றையொன்று அறிந்துகொள்கின்றன.

இந்த அறிமுகம் நம் அன்றாட வாழ்வைத் தொடும் இடம் கடலடியில் இருக்கிறது. ஜூ டவுன் வணிகரின் மரக்கலங்கள் சென்ற அதே அரபிக் கடலின் அடியில் இன்று கண்ணாடி இழைகள் கிடக்கின்றன. தென்னாப்பிரிக்காவையும் மலேசியாவையும் இணைத்து 2002-இல் இயங்கத் தொடங்கிய வடம் கொச்சியிலும் கரையேறுகிறது. கொச்சியையும் லட்சத்தீவுகளையும் பிணைக்கும் 1,868 கிலோமீட்டர் நீளமுள்ள வடம் 2024 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. சென்னையிலிருந்து அந்தமானுக்குச் செல்லும் வடம் 2020 ஆகஸ்டில் பயன்பாட்டுக்கு வந்தது. தரைவழியிலும் அவ்வாறே. தில்லியிலிருந்தும் மும்பையிலிருந்தும் நாம் ஊருக்குப் பேசும்போது, அம்மாவின் குரல் நெடுஞ்சாலை ஓரத்து மண்ணுக்கடியில் கண்ணாடி இழையின் வழியேதான் ஒளியாக ஓடி வருகிறது.

அவ்விழையில் ஒளி செல்லும் நடுப்பகுதியின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஆன ஒளியை அதனுள் செலுத்தினாலும், அங்கே நிலவும் செறிவு நண்பகல் வெயிலைப்போல் ஏறத்தாழப் பன்னீராயிரம் மடங்காகும். அச்செறிவோடு நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஒளி ஓடவேண்டும். ஆகவே, மாணிக்க லேசரின் பெருவலிமை இல்லாமலே, தூரத்தின் துணைகொண்டு நேர்விகிதம் தவறிவிடுகிறது.

இதனால் விளைந்த இடர் ஒன்றை இத்துறையினர் 1990-களில் எதிர்கொண்டனர். ஓரிழையில் பல நிறங்களை ஒருங்கே அனுப்பி, நிறம் ஒன்றுக்கு ஒரு செய்திக் கற்றை என்று ஏற்பாடு செய்தார்கள். ஆனால், எல்லா நிறங்களும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் செல்லும்படி அரிதின் முயன்று செய்யப்பட்டிருந்த இழைகளில், மூன்று நிறங்கள் கூடி நான்காவதொரு நிறத்தைப் பிறப்பித்தன. அந்த நான்காம் நிறம் வேறொருவர் செய்தியின் இடத்தில் போய் விழுந்தது. படிகத்தில் நாம் விரும்பி வரவழைத்த தேரோட்டம், இழையில் வேண்டாத இடத்தில் நிகழ்ந்தது. மருந்தும் அதிலேயே கிடைத்தது. நிறங்களின் வேகங்கள் சற்றே வேறுபடும்படி இழையை மாற்றி அமைத்தார்கள். வடம் பிடிப்போரின் தாளம் தப்பிற்று. வேண்டாத தேர் நின்றது.

இடராக வந்த இயல்பே உதவியும் ஆயிற்று. 1973-இல் ஸ்டோலன், இப்பன் என்னும் இருவர் கண்ணாடி இழைக்குள் ராமன் விளைவால் ஒளி பெருகுவதை அளந்து காட்டினர். நெடுந்தொலைவு சென்று சோர்ந்த ஒளிக்குத் துணையாக, அதைவிடச் சற்றுக் குறைந்த அலைநீளமுள்ள வலிய ஒளியை இழையில் செலுத்தினால், வலியது தன் ஆற்றலை மெலிந்ததற்கு ஈந்து அதனைத் தூக்கிவிடுகிறது. நெடுந்தொலை இழைகள் பலவற்றில் இம்முறை கையாளப்படுகிறது. கொல்கத்தாவில் வெயிலைக் குவித்துக் கண்ட விளைவு, அங்கிருந்து ஊருக்குப் பேசும் தமிழரின் குரலைத் தாங்கிப் பிடிக்கவும் வல்லதாயிற்று.

கொச்சியிலேயே இவ்வாராய்ச்சி நடைபெறுகிறது. நகரின் வடகிழக்கே, களமசேரியிலுள்ள கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1995-இல் தொடங்கப்பட்ட ஒளியியல் கல்வி நிலையத்தில், சாயங்களும் நுண்துகள்களும் லேசர் ஒளியில் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்று அளக்கிறார்கள். அளக்கும் முறை எளியது. ஒளி குவியும் இடத்தை ஊடறுத்துப் பொருளை மெல்ல நகர்த்தி, அப்பால் உள்ள சிறு துளையின் வழியே வரும் ஒளி கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பதே அது. குவியும் இடத்தில் பொருள் தானே ஒரு வில்லையாக மாறி ஒளியைக் கூட்டவோ விரிக்கவோ செய்யும். அம்மாறுதலின் அளவிலிருந்து பொருளின் இயல்பைக் கணக்கிடுவர். விளக்கும் துளையும் என்னும் அந்தப் பழைய கெய்ரோச் சோதனையின் வழித்தோன்றல் என்றே இதனை நாம் கருதலாம், விடைதான் எதிரானது.

ஜூ டவுனில் இன்று யூதர்கள் ஏறக்குறைய இல்லை. இஸ்ரேல் 1948-இல் அமைந்தபின் அவர்களிற் பெரும்பாலோர் படிப்படியாக அங்கே பெயர்ந்துவிட்டார்கள். செப்பேடும் சரவிளக்கும் நீலத் தரையும் எஞ்சி நிற்கின்றன. குடியேறியவர் வாழ்வை எண்ணும்போது நம் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுவதுண்டு. வந்த இடத்தில் நாம் சுவடின்றிக் கடந்துபோகும் மெல்லொளியா, அல்லது இடத்தையும் சிறிது மாற்றி, நாமும் மாறும் ஒளியா? பௌதிகம் அவ்வினாவுக்கு விடை சொல்லாது. ஆயினும் அது ஒன்றை உறுதியாகச் சொல்கிறது: ஒளி தான் செல்லும் பொருளை மாற்றாது என்பது இயற்கையின் முடிந்த முடிபு அன்று, நம்மிடமிருந்த விளக்குகளின் அளவு அவ்வளவே.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சேரமன்னன் கொடுத்த பகல் விளக்கு, கதிரவன் முன்னே பயனற்றது என்பதற்காகவே பெருமை பெற்றது. இன்று கொச்சிக் கரையில் கடலுக்குள் இறங்கும் கண்ணாடி இழையினுள், தலைமயிரினும் மெல்லிய ஒளி கதிரவனைப் பன்னீராயிரம் மடங்கு விஞ்சி, இரவு பகலின்றிப் பணிபுரிகிறது. அடுத்த முறை ஊருக்குப் பேசும்போது, அந்த விளக்கையும் நாம் நினைத்துக்கொள்வோமாக.